இயங்குதளம் வந்த கதை

1950களின் தொடக்கத்தில் கணினிகளுக்கு இயங்குதளம் கிடையாது. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த அட்டைக்கட்டை மனிதர்தான் பொருத்த வேண்டும். அதுவரை விலையுயர்ந்த இயந்திரம் சும்மா நிற்கும். இதைத் தவிர்க்க 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் ஐ.பி.எம். 704 கணினிக்கு ஒரு நிரல் எழுதின. அது வேலைகளை வரிசையாக எடுத்து முடித்தது. இதுவே தொகுதிமுறை இயங்குதளம்.

இப்போது விடைக்காக மனிதர் காத்திருந்தார். 1961-ல் எம்.ஐ.டி.யில் கோர்பட்டோ குழுவினர் காட்டிய நேரப்பகிர்வு முறை, கணினியின் நேரத்தைப் பலருக்கும் பங்கிட்டது.

காத்திருக்கவே முடியாத இடங்களும் உண்டு. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலவில் இறங்கும்போது, வேலைச்சுமை மிகுந்து கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. அதன் நிகழ்நேர இயங்குதளம் அவசரமில்லாத வேலைகளைக் கைவிட்டுத் தரையிறக்கத்தைத் தொடர்ந்தது.

எது முதலில், எது பிறகு என்று தீர்மானிப்பதே இயங்குதளத்தின் தலையாய பணி.