அறுக்காமல் பார்த்தல்

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டைக்குள்ளே பால் ஓடும். ஆனால் கத்தி ஆழம் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். உள்ளே இருப்பதைக் கெடுக்காமல் அறிவதே கைத்திறன்.

ஆய்வுக்கூடத்திலும் இதே சங்கடம்தான். கெட்டுப்போன தோலுக்கும் எலும்புக்கும் மாற்றாக, நுண்துளைகள் நிறைந்த ஒரு சாரத்தில் உயிரணுக்களை விதைத்து வளர்க்கிறார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அதைப் போல. நடுவே உள்ள உயிரணுக்கள் பிழைத்தனவா, பட்டினியால் மடிந்தனவா? பழைய வழி, அதை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றிப் பார்ப்பது. பார்த்ததும் அந்தத் துண்டு போயிற்று. நாளை அது எப்படி வளர்ந்திருக்கும் என்பதை யாரிடம் கேட்பது?

இந்த வரலாற்றின் இரண்டு இழைகள் ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன. எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவரானார். கங்காருவின் வால் நாணை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து, கொல்லேஜன் மூன்று புரி கொண்ட முறுக்கு என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் அறிவித்தார். இன்று சாரம் செய்ய எடுக்கும் பொருள்களில் முதன்மையானது அந்தக் கொல்லேஜன்தான்.

அவரே 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உள்ளுருவை விரைந்து கணக்கிடும் முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் கருவிகள் பிற்பாடு இவ்வகைக் கணக்கைத்தான் கைக்கொண்டன. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்பீல்டுக்கும் கார்மாக்குக்கும் போயிற்று, அவர்கள் தகுதியானவர்களே. ஆயினும் ராமச்சந்திரனின் பெயர் இன்னும் சற்று உரக்கக் கேட்டிருக்கலாம்.

நுண் சி.டி. கருவி சாரத்தின் துளைகளைத் தெளிவாகக் காட்டும். உயிரணுவோ பெரும்பாலும் நீர். எக்ஸ்-கதிரில் எளிதில் தெரியாது. அதற்கு ஒளியே வேண்டியிருந்தது. 1990இல் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் மூவரும் இரு ஃபோட்டான் நுண்ணோக்கியை அறிவித்தார்கள். அத்தகைய கருவியின் லேசரில் உயிரணுக்கள் தம் இயற்கைப் பொருள்களாலேயே மங்கலாக ஒளிரும். கொல்லேஜன் நாரும் சாயம் எதுவுமின்றி, விழுந்த ஒளியின் அலைநீளத்தைப் பாதியாக்கித் திருப்பித் தரும். அதே துண்டை மறுநாளும் பார்க்கலாம், அடுத்த வாரமும் பார்க்கலாம்.

ஆனால் ஒளி சிதறுவதால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே அதன் பார்வை நின்றுவிடுகிறது. தடித்த சாரத்தின் நடுப்பகுதிக்கு இன்றும் பல வேளை கத்திதான் போகிறது.