பூட்டிய பெட்டியைத் திறந்த ஆசிரியர்கள்

"கணினியின் உட்கருவை எழுதுறதா? அதெல்லாம் பெரிய படிப்புப் படிச்சவங்க வேலை, சார்!" என்றான் ஒரு மாணவன். அவனுக்குச் சொன்ன வரலாறு இது.

கெர்னல் எனும் உட்கரு, காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுத்த கங்காணியைப் போன்றது. எந்த நிரலுக்கு எப்போது முறை, நினைவகத்தில் எவ்வளவு இடம் என்று தீர்மானிப்பது அதுவே.

யூனிக்ஸ் எனும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், அதன் ஆறாம் பதிப்பின் உட்கருவை விளக்கி 1977-இல் நூலாக்கினார். மொத்தமே ஏறத்தாழ 9,000 வரிகள். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமமோ, மூல நிரலை வகுப்பில் கற்பிக்கத் தடை போட்டது. மாணவர்கள் விட்டாங்களா? லயன்ஸ் நூலை நகலுக்கு நகல் எடுத்துப் படித்தார்கள்.

நெதர்லாந்தில் ஆசிரியராயிருந்த ஆண்ட்ரூ டானன்பாம், கற்பிப்பதற்கென்றே மினிக்ஸ் எனும் சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987-இல் நூலோடு வெளியிட்டார். அந்நூலைப் படித்த பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல், தம் 21ஆம் வயதில், லினக்ஸ் உட்கருவை எழுதினார். அன்று சுமார் 10,000 வரிகள். இன்று 3 கோடிக்கும் மேல். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் அதுதான் ஓடுது.

ஆகவே மாணவச் செல்வங்களே, 3 கோடியைக் கண்டு மலைக்காதீர்கள். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைத் தழுவி அமெரிக்காவின் எம்.ஐ.டி. பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 இலவசமாகவே கிடைக்கிறது. அதை வரி வரியாகப் படியுங்கள். ஒரு வரியை மாற்றிப் பாருங்கள். நின்று போனால், ஏன் நின்றது என்று தேடுங்கள். படித்தவர்தாம் பிறகு எழுதினார்!