கண்ணாடிக் குழாயில் உறையாத ரத்தம்

1888-இல் வில்லியம் ஆஸ்லர் ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளில் ஓடிய ஒரு நோயைப் பதிவு செய்தார். முகமோ கையோ திடீரென்று வீங்கும், வயிறு முறுக்கிப் பிடிக்கும், ஓரிரு நாளில் தானே வடியும். தொண்டையில் வந்தால் மூச்சடைத்து உயிரே போகும். நரம்புக் கோளாறு என்றுதான் அன்று நினைத்தார்கள். 1963-இல் வர்ஜீனியா டொனால்ட்சனும் ரிச்சர்ட் எவன்ஸும் இந்த நோயாளிகளிடம் சி1 தடுப்பான் என்ற புரதம் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டினார்கள். கிருமிகளை எதிர்க்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களை அடக்கி வைப்பது அது. அதனால் இது காம்ப்ளிமென்ட் நோய் என்று பெயர் வாங்கியது. அந்தப் பெயர் பாதி உண்மைதான். வீக்கத்தின் வேர் ரத்த உறைவுக் காரணிகளின் பக்கம் இருக்கிறது.

ஜான் ஹேகமன் என்ற ரயில்வே தொழிலாளியின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் நெடுநேரம் உறையாமல் கிடந்தது. ஆனால் அவருக்கு ரத்தக்கசிவுத் தொல்லையே கிடையாது. அவரிடம் இல்லாத அந்தப் பொருளை ஆஸ்கர் ராட்னாஃப் 1955-இல் அறிவித்தார். இன்று அது 12ஆம் காரணி. அது கல்லிக்ரீனைத் தூண்டும். கல்லிக்ரீன் பிராடிகைனினை வெட்டி விடுவிக்கும். பிராடிகைனின் நுண்குழாய்ச் சுவரைத் தளர்த்த, நீர் கசிந்து தோல் உப்பும். 12ஆம் காரணி, கல்லிக்ரீன், காம்ப்ளிமென்ட்டின் முதல் புரதமான சி1 ஆகிய மூன்றுக்கும் சி1 தடுப்பானே கடிவாளம். போதாததற்கு, 12ஆம் காரணியின் ஒரு துண்டு சி1-ஐத் தானே தூண்டிவிடும் என்று 1981-இல் கெப்ரெஹிவெட், சில்வர்பெர்க், காப்லான் மூவரும் நிறுவினார்கள். உறைவுப் பக்கத்துத் தீப்பொறி காம்ப்ளிமென்ட் பக்கமும் தெறிக்கிறது.

வீக்கம் இல்லாத நாளிலும், சி1 செலவழிக்கும் காம்ப்ளிமென்ட் புரதமான சி4-இன் அளவு குறைந்தே இருக்கிறதே, அப்படியானால் காம்ப்ளிமென்ட்தானே காரணம் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. சி4 செலவாவதுதான் வீக்கத்தைக் கொண்டுவருகிறது என்றால், இவர்கள் எந்நாளும் வீங்கியே கிடக்க வேண்டும். 1998-இல் வீக்கம் வந்த வேளையில் எடுத்த ரத்தத்தில் பிராடிகைனின் பல மடங்கு ஏறியிருந்ததைக் கண்டார்கள். சந்தேகத்தை அடியோடு தீர்த்தது 2006: சி1 தடுப்பானும் சி4-உம் சரியாக இருந்தும் வீங்கிய சில குடும்பங்களில் 12ஆம் காரணியின் மரபணுவே மாறியிருந்தது. உறைவுக் காரணி கிளர்ந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளாதா என்றால், உடலுக்குள் ரத்தம் உறைய 12ஆம் காரணி அவசியமில்லை. அது இல்லாத ஹேகமனே 1968-இல் நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டியால்தான் இறந்தார்.

ஆகவே அரிப்போ தடிப்போ இல்லாமல், ஒவ்வாமை மருந்துக்கும் அடங்காமல், குடும்பத்தில் பலருக்கு வீக்கம் வந்தால், சி4 சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.