கடல் கொண்ட சமவெளியும் காட்டுக் குகை மாந்தரும்

“கடல் நம் நாட்டை விழுங்கியது மெய்தானா, சேர்?” என்று முன்னொரு நாள் மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து வினவினான். இறையனார் களவியலுரை கூறும் கடல்கோட் செய்தியை அன்று காலைதான் தமிழாசிரியர் கற்பித்துச் சென்றிருந்தார். வினவியவனோ பாமன்கடைக் கால்வாயோரத்துப் பிள்ளை. அடைமழைக் காலத்தில் வீட்டு வாயிலில் நீர் எத்தனை படி ஏறிற்று என்று எண்ணி வளர்ந்தவன். அவனுக்கு ஆம் என்று கூற எனக்கு மனம் துணியவில்லை. இல்லை என்று கூற உண்மை இடங்கொடுக்கவில்லை. மணி அடிப்பதற்குள் அன்று அரைகுறையாய்ச் சொன்ன விடையை, இன்று நேயர்களுக்குச் சற்று விரித்துக் கூறுகிறேன்.

கடல் நிலத்தைக் கொண்டது மெய். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகம் கடுங்குளிரிற் கிடந்தது. வடபுலக் கண்டங்களின்மேல் நீர் பனிமலையாய் உறைந்து நின்றமையால், கடல்மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையோ பெரும்பாலும் ஆழங் குறைந்த கடல். ஆதலின் மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அன்று தோணி வேண்டியிருக்கவில்லை. மானும் மனிதரும் கால்நடையாய்ச் சென்றுவரத்தக்க சமவெளி அங்கே கிடந்தது. மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையிற் காற்று வாங்க நிற்போர் காணும் நீர்ப்பரப்பிலும், கரையை அடுத்த பல மைல் தூரம் அன்று தரையே.

பனி உருகத் தொடங்கியபோது கடல் ஒரே சீராக ஏறவில்லை. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன், ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில், அது ஏறத்தாழ 15 மீற்றர் உயர்ந்தது. ஒரு தலைமுறைக்கு ஒன்றரை முழம் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். மலைச்சாரலுக்கு ஒன்றரை முழம் ஒரு பொருட்டன்று. தட்டையான நெய்தல் நிலத்துக்கோ அது பெருங்கேடு. பாட்டன் சிப்பி பொறுக்கிய துறை பேரனுக்கு நீரடியிற் போய்விடும். இறுதியில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன், பாக்குச் சமவெளியும் மூழ்க, இலங்கை தீவாயிற்று.

எனினும் அவ்வெளியிற் சங்கம் வைத்துத் தமிழாய்ந்த மாநகரங்கள் இருந்தன என்பதற்குத் தொல்பொருட் சான்று இல்லை. இந்துமாக்கடலில் மனிதர் வாழ்ந்த பெருங்கண்டமொன்று மூழ்கியதாக நிலநூலாரும் கண்டிலர். மூழ்கியது கரையோர வெளி. அதில் நடமாடியவர் வேட்டுவரும், கிழங்கு அகழ்வோரும், மீன் பிடிப்போருமே. இதைச் சொல்வதால் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகும் என்பதை அறிவேன். ஆயினும் பெயரறியா அம்மாந்தருக்கு உரிய மதிப்பைக் கற்பனை நகரொன்றுக்கு ஈந்துவிட ஆசிரியனுக்கு உரிமை இல்லை.

அத்தகையோரின் சுவடுகள் இருகரையிலும் உள. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் செந்தேரி மணலிற் கிடந்த சின்னஞ்சிறு கற்கருவிகளைச் சொய்னர், பிரிட்ஜட் அல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் 1956இல் ஆராய்ந்து எழுதினர். இக்கரையில் அத்தகைய செம்மணற் படிவுகளுக்கு நிலநூலார் நம் இரணைமடுவின் பெயரையே இட்டுள்ளனர். தென்கரையோரத்தில் அப்படிவுகளை அகழ்ந்த சிரான் தெரணியகலவும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்.

இவ்வளவும் கரையின் கதை. காலநிலை புரண்டபோது உள்நாட்டிலிருந்தோர் யாது செய்தனர் என்பதை அறியக் குகைகளுக்குச் செல்லவேண்டும். புளத்சிங்களவுக்கு அண்மையிலுள்ள பாகியன் குகை, குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென, கித்துள்கலவிலுள்ள பெலிலென ஆகிய மூன்றும் இரத்தினபுரி, களுத்துறை, கேகாலைப் பக்கத்து ஈரவலயக் காடுகளைச் சார்ந்தவை. இவற்றில் வாழ்ந்தோரைப் பலாங்கொடை மனிதர் என்கிறோம். அப்பெயரை வழங்கியவர் சிரானின் தந்தையாராகிய பி. ஈ. பி. தெரணியகல. மழைக்காடு மனிதனுக்கு ஆகாத இடம், உழவு கற்ற பின்னரே அவன் அதனுட் புகுந்தான் என்று உலகத்து அறிஞர் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நம் குகைகள் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டன. பாகியன் குகையிற் கிடைத்த எலும்பு முனைகள் 48,000 ஆண்டுகள் வரை பழமையுடையன. அவற்றுட் பல அம்பு முனைகள் என்று 2020இல் ஆய்வாளர் காட்டினர். மரத்துக்கு மரம் தாவும் குரங்கையும் மலையணிலையும் ஈட்டியால் வீழ்த்துதல் எளிதன்று. அக்குகையிற் கிடந்த விலங்கெலும்புகளுட் பெரும்பகுதி இவற்றினவே. அவையும் பெரும்பாலும் வளர்ந்த விலங்குகள். குட்டிகளை விட்டு வளர்ந்தவற்றையே வேட்டையாடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது போலும்.

அக்காலத்து மழையின் கதையை ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண் சொல்கிறது. அம்மண்ணில் அடுக்கடுக்காய்ப் புதைந்த மகரந்தத் துகள்களை எண்ணிப் பார்த்த பிரேமதிலக்க முதலியோர், கடுங்குளிர்க் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று நலிந்திருந்தது என்றும், பின்னர் வலுத்தது என்றும், மீண்டும் தளர்ந்தது என்றும் 2003இல் எழுதினர். வைகாசி பிறந்தும் மழை வராவிட்டால் நாம் படும் பாட்டை எண்ணினால், தலைமுறை தலைமுறையாக மழை குன்றியோருக்கு அது எத்தகைய சோதனை என்பது விளங்கும்.

அவர்கள் காட்டை விட்டு ஓடவில்லை. நம் தீவிற் கிடைத்த 26 பேரின் பற்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு இது. உண்ட உணவின் அடையாளம் பல்லின் எனாமலில் தங்கிவிடும். அதைக்கொண்டு பார்த்தால், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அம்மாந்தர் மழைக்காட்டு உணவையே பெரிதும் நம்பியிருந்தனர். அதிலும் அடர்காட்டின் நடுவைவிட, காட்டின் ஓரத்தையும் வெளிச்சம் புகும் இடங்களையுமே அவர்கள் விரும்பினர். அங்கு ஒன்று தவறினால் மற்றொன்று கிடைக்கும்: குரங்கு, அணில், மரநத்தை, கெக்குணக் கொட்டை, காட்டுப்பலா, காட்டுவாழை. நெல் ஒன்றையே நம்பி மழையை அண்ணாந்து பார்த்திருக்கும் நமக்கு அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று கூறும் தகுதி உண்டா என்பது எனக்கு ஐயமே.

காட்டுக்குள் அடைபட்டும் கிடக்கவில்லை. பட்டதொம்பலெனவிற் கடற்சிப்பிகள் கிடைத்தன. பெலிலெனவுக்குக் கரையிலிருந்து உப்பு வந்தது. கரையோரத்தாரும் மலைநாட்டாரும் ஏதோ ஒரு வகையில் உறவு கொண்டிருந்தனர். கடல் உறைவிடத்தைப் பறித்தபோது கரையோரத்தார்க்கு அவ்வுறவு புகலிடமாய் இருந்திருக்கலாம். இது என் ஊகம்.

கடல் ஏறி நின்ற பின்னரும் கரையை விட்டவர் இல்லை. அம்பாந்தோட்டைப் பக்கத்து மினி அத்திலியவில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தின்று எறிந்த சிப்பிகள் மேடாய்க் குவிந்து கிடக்கின்றன. அச்சிப்பிகளின் நடுவே இறந்தோரையும் புதைத்துள்ளனர். மேற்சொன்ன 26 பேருள் காலத்தாற் பிந்தியவர்கள் ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர். தீவில் உழவு தலையெடுத்துவந்த காலம் அது. அவர்களுடைய பற்களிலும் காட்டு உணவின் அடையாளமே இருக்கிறது.