ஜாடிக்குள் ஒரு சரித்திரம்

மங்கலம்பேட்டையில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பீங்கான் ஜாடிகள் இருந்தன. ஒன்றில் மாவடு, மற்றொன்றில் பெரியப்பாவின் உறையூர்ச் சுருட்டு. ஜாடி மாறித் திறந்துவிட்டால் வீட்டில் பிரளயந்தான்!

சுருட்டைக் காப்பது ஒரு தனிச் சாஸ்திரம். சித்திரை வெயிலில் அது காய்ந்து பொடியாகும்; ஐப்பசி மழையில் பூசணம் பூக்கும். ஆகவே பெரியப்பா கோடையில் மட்டும், மெருகு போடாத ஓட்டுச் சில்லு ஒன்றை நனைத்துத் துடைத்து ஜாடிக்குள் வைப்பார். மெருகிட்ட பீங்கான் ஈரத்தை வெளியே விடாது. மெருகில்லாத மண்ணோ குடித்த நீரைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மண்ணின் குணம் தெரியாதா, என்ன?

மேல்நாட்டுச் சீமான்கள் இதற்கென்றே 'ஹ்யூமிடார்' என்ற பெட்டி வைத்துக்கொள்வார்கள். அதற்குள் ஈரப்பதம் சுமார் 70 சதவிகிதமும், வெப்பம் 20 டிகிரி செல்ஸியஸை ஒட்டியும் இருக்கவேண்டும். சூடு ஏறினால், புகையிலைக்குள் ஒளிந்திருக்கும் வண்டு முட்டை பொரித்துச் சுருட்டைத் துளைத்துவிடும். பெட்டியின் உட்புறம் பதிக்கும் ஸ்பானிஷ் சிடார் மரம் பெயரில்தான் சிடார். குலத்தில் நம் வேம்புக்கு உறவு!

சுருட்டின் பெயரிலும் நமக்கு உறவு உண்டு. ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டு முதல் 'செரூட்' என்று எழுதிவந்தது நம் 'சுருட்டு'தான். திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலை உறையூரில் சுருட்டாகி, 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பெயரோடு கப்பலேறியது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்பதைச் சாம்பலைக் கொண்டே ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். முற்காலச் சோழரின் தலைநகரத்துச் சரக்கு லண்டனில் சாட்சி சொல்கிறது! ஆனால் அதைச் சுருட்டிய கைகள் யாருடையவை என்று எந்தச் சாம்பலும் சொல்லவில்லை.

காற்றும் ஈரமும் பார்த்துச் சுருட்டைக் காத்த பெரியப்பா, தம் மார்பைக் காக்க மறந்தார். இருமல் முற்றிய பிறகு ஒருநாள் ஜாடியைப் பெரியம்மாவிடம் நீட்டி, "இதிலும் மாவடுவே போட்டுவிடு" என்றார்.

மெருகிட்ட பீங்கான் அல்லவா? இரண்டு கழுவலில் வாசனை போய்விட்டது. பெரியப்பாவின் இருமல்தான் கடைசிவரை போகவில்லை.