மில்லில் பிறந்த தூண்டில் ரீல்

விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகி வந்தபின் ஞாயிறு காலைகளில் மகனோடு கடற்கரையில் தூண்டில் போடுவது வழக்கம். "எவ்வளவு வீசினாலும் தூரம் போகலப்பா, கைதான் வலிக்குது" என்றான். அவனுக்குச் சொன்ன கதை இது.

அந்தக் கால ரீல்களில் உருளை சுழன்றால்தான் நரம்பு வெளியே வரும். லேசான இரையால் அதைச் சுழற்ற முடியாது. 1884-ல் ஸ்காட்லாந்தின் பீட்டர் மல்லாக், வீசும்போது மட்டும் உருளையைப் பக்கவாட்டில் திருப்பும் ரீலைக் கொண்டுவந்தார். அதில் நரம்பு முறுக்கிக்கொண்டது. 1905-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஜவுளி மில் வைத்திருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், உருளை அசையாத ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். மில்லில் பாபின் சும்மா நிற்க, நூல் அதன் நுனி வழியாக உருவிக்கொண்டு வருமே, அதே தத்துவம்தான். இன்றைய ஸ்பின்னிங் ரீலுக்கு அதுதான் தாத்தா.

என் அப்பா கோவை மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்தவர். நூல் விளிம்பில் உரசக் கூடாது என்பார். எங்கள் ரீலில் நரம்பு பாதிதான் இருந்தது. விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை சுற்றினோம். அதே வீச்சு, தூரம் கூடியது.

"தாத்தா இந்த வேலையா பார்த்தாங்க?" என்றான். இத்தனை நாள் அதை நான் அவனிடம் சொன்னதே இல்லை.