பேஷண்ட் கூட யாரு?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்டான்லி இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 18-ஆம் நூற்றாண்டின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. வைத்தியத்துக்கு முன்பே பராமரிப்பு தொடங்கிய இடம். ஆனால் தலைக்காய சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, பராமரித்தவர்களைத்தான் காணோம்.

தேடியதற்குக் காரணம் என் அத்தை. மாமா கன்டெய்னர் லாரியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, பிழைத்துக்கொண்டார். வார்டில் நர்ஸ் "பேஷண்ட் கூட யாரு?" என்று கேட்டபோது எழுந்து நின்ற அத்தை, அந்த வேலையைப் பதினோரு வருஷம் பார்த்தார்.

சென்னை பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தி மூளை அறுவைசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவை அளக்க ஓர் அளவுகோல் தந்தார்கள். இன்றைய வடிவில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. கருவி வேண்டாம், படுக்கையருகே நிற்கும் நர்ஸே குறித்துவிடலாம். மாமா வீடு திரும்பியபோது 15க்கு 15.

"அவரு முன்ன மாதிரி இல்லடா" என்றார் அத்தை. நெற்றிப்பக்க மூளை அடிபட்டால், கை கால் நன்றாக இருந்தும் கோபத்தை அடக்கவோ ஒரு வேலையைத் தானாகத் தொடங்கவோ முடியாமல் போகலாம். அந்த அளவுகோல் இதற்கானதல்ல. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, பொருள்களை இடம் மாற்றாமல் வைப்பது என்று அத்தையே வழி கண்டுபிடித்தார். மறுவாழ்வுச் சிகிச்சையில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன்.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது இங்கே புதிதுமல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளோடு உறவினர்களையும் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் சிஎம்சியின் மனநல மையமும் அந்த வழியில் போனது. தலைக்காய வார்டுகளுக்கும் அது வேண்டும்.

1980-இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட்டும் சக ஆய்வாளர்களும், மறதிநோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களின் சுமையை அளக்கக் கேள்வித்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். தலைக்காயக் குடும்பங்களை ஆராயும் செவிலியர்களும் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். தனக்கென்று நேரம் கிடைக்கிறதா என்பது அதில் ஒரு கேள்வி.

அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இத இப்பதான்டா ஒருத்தர் கேக்குறாங்க."